அப்டேட் முடிந்ததும் கோப்புகளைக் காணோம்: ஃபார்மட் செய்யலாமா?

கேள்வி: நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. போன புதன்கிழமை காலையில் அது தானாக அப்டேட் ஆகத் தொடங்கியது. நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்ததால் என் மகன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டான். திறந்தால் புது லேப்டாப் மாதிரி இருக்கிறது. வால்பேப்பர் மாறிவிட்டது. டெஸ்க்டாப்பில் இருந்த கேள்வித்தாள்கள், பாடக்குறிப்புகள், குடும்பப் படங்கள் ஒன்றையும் காணவில்லை. மூலையில் ஏதோ ஆங்கில அறிவிப்பு வந்து போனது, டெம்பரரி என்று மட்டும் கவனித்தேன். அணைத்தால் இன்னும் ஏதாவது போய்விடுமோ என்று பயந்து மூடி மூடி வைக்கிறேன். நேற்று இதிலேயே ஒரு கேள்வித்தாள் டைப் செய்து டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். பென் டிரைவில் இருந்த பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. கடைக்காரர் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். அண்ணன் மகன் ரிகவரி சாஃப்ட்வேர் டவுன்லோட் செய்யச் சொல்கிறான். எதைச் செய்வது? இனி அப்டேட்டே வராமல் நிறுத்திவிடலாமா?

பதில்: டீச்சர், முதலில் அந்தக் கேள்வித்தாள். நேற்று டைப் செய்ததை இப்போதே ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். லேப்டாப்பை அணைப்பதற்கும் ரீஸ்டார்ட் செய்வதற்கும் முன்னால் இதைச் செய்தாக வேண்டும். உங்களுக்குத் தனியாக அனுப்பிய மடலிலும் முதல் வரியாக இதைத்தான் எழுதினேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், விண்டோஸ் உங்களை ஒரு தற்காலிகக் கணக்கில் நுழைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் சேமிப்பது எதுவானாலும் சைன் அவுட் செய்ததும் அழிக்கப்படும். மூலையில் வந்து போன அறிவிப்பு சொன்னது அதைத்தான். அணைக்காமல் மூடி மூடி வைத்ததால்தான் அந்தக் கேள்வித்தாள் இன்னும் பிழைத்திருக்கிறது.

காப்பி எடுத்தாயிற்றா? சரி, இனி நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தத் தொழிலில் நான் பார்த்த வரை, அப்டேட் நேரடியாகக் கோப்புகளை அழிப்பது அபூர்வம். அப்டேட்டுக்குப் பிறகு வரும் பதற்றத்தில் செய்கிற காரியங்கள் அழிப்பதுதான் அதிகம். "காணோம்" என்று வருகிற லேப்டாப்பில் பெரும்பாலும் கோப்புகள் உள்ளேயே இருக்கும். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதை முழுவதும் துடைத்துவிடுவது. "காணோம், அதனால் ஃபார்மட் செய்தோம், இப்போது வேண்டும்" என்று வருவதில்தான் கை விரிக்க வேண்டியிருக்கிறது. அதனால் கடைக்காரரிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரிகவரி சாஃப்ட்வேரும் இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸே காட்டும் "ரீசெட் திஸ் பிசி" என்ற வழியையும் தொடாதீர்கள். கோப்புகளை வைத்துக்கொண்டே ரீசெட் செய்யலாம் என்று அது சொல்லும். கணக்கே குழம்பிக் கிடக்கும்போது அதை நம்பி இறங்கக் கூடாது.

கோப்புகள் உள்ளே இருக்கின்றனவா என்பதை ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். "திஸ் பிசி"யைத் திறந்து சி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸும் ஆஃபீஸும் மட்டும் இருந்தால் சுமாராக 50, 60 ஜிபியில் நிற்கும். உங்கள் படங்களும் பாடங்களும் சேர்ந்தால் அதைவிட நன்றாகவே கூடுதலாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் அவை எங்கும் போகவில்லை. யூசர்ஸ் ஃபோல்டரை மட்டும் தனியாக அளந்து பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள். தற்காலிகக் கணக்கிலிருந்து பார்க்கும்போது உங்கள் பழைய ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லாமல் அதன் அளவு பூஜ்யம் என்றுகூட வரும்.

நடந்தது இதுதான். விண்டோஸில் ஒவ்வொருவர் கணக்குக்கும் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு தனி ஃபோல்டர் உண்டு. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். கூடவே உங்கள் விருப்பத்தேர்வுகளைக் குறித்துவைக்கும் ஒரு கோப்பும் இருக்கும். நீங்கள் நுழையும்போது விண்டோஸ் முதலில் அந்தக் கோப்பைத்தான் படிக்கும். அப்டேட்டின் நடுவில் மின்சாரம் போனாலோ, பவர் பட்டனை அழுத்தி அணைத்தாலோ, ஆன்டிவைரஸ் அந்த நேரத்தில் அதைப் பிடித்து வைத்திருந்தாலோ அதைப் படிக்க முடியாமல் போகும். உங்கள் அறைப் பூட்டு திறக்காததால் விண்டோஸ் உங்களை விருந்தினர் அறையில் உட்கார வைத்திருக்கிறது. உங்கள் அறையில் ஒரு சாமானும் நகரவில்லை. மகனைத் திட்டாதீர்கள், சுற்றிக்கொண்டே இருக்கும் திரையைப் பார்த்தால் பட்டனில் கை வைக்கத்தான் தோன்றும். அடுத்த முறை சார்ஜரைச் செருகிவிட்டு, டிஸ்க் விளக்கு மினுங்குகிற வரை ஒரு மணி நேரமானாலும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இந்தக் கோளாறு உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2020 பிப்ரவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு பலர் இதே போலத் தற்காலிகக் கணக்கில் போய் விழுந்தார்கள். டெஸ்க்டாப் வெறுமையாகிவிட்டது, எல்லாம் அழிந்துவிட்டது என்று புகார்கள் குவிந்தன. பார்த்தால், பழைய ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் பேக் (bak) என்ற சொல்லோ மூன்று பூஜ்யங்களோ ஒட்டிக்கொண்டு, அது யூசர்ஸுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. அந்த அப்டேட்டை நீக்கியதும் பலருக்குப் பழைய டெஸ்க்டாப் திரும்பிவிட்டது.

நீங்களும் முதலில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஷட்டவுன் போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் உள்ளிருக்கும் அடிப்படை நிலையைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அதிலிருந்தே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுவதும் புதிதாகத் தொடங்கும். ஆன்டிவைரஸ் பிடித்துவைத்ததுதான் காரணம் என்றால் இரண்டு மூன்று ரீஸ்டார்ட்டில் உங்கள் கணக்கு தானாகத் திரும்பிவிடும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

திரும்பவில்லை என்றால், சி டிரைவில் யூசர்ஸைத் திறங்கள். டெம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அது இப்போதைய தற்காலிகக் கணக்கு. பக்கத்தில் உங்கள் பெயரிலோ, மின்னஞ்சலின் முதல் சில எழுத்துகளிலோ இன்னொன்று இருக்கும். அதைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லி, "கன்டின்யூ" பட்டனைக் காட்டும். தயங்காமல் அழுத்துங்கள். உள்ளே டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். அவை அனைத்தையும் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குக் காப்பி செய்யுங்கள். கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி மட்டும். பாதியில் கேபிள் ஆடிவிட்டாலும் மூலம் மிஞ்ச வேண்டும். முடிந்ததும் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள்.

காப்பி எடுக்கும்போது லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு சின்னக் கோப்புக்கே நெடுநேரம் பிடித்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். கணக்கு திறக்காததற்கே டிஸ்க் பழுதாகி வருவது காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக் டிஸ்க் கட்டளையை ஓட்டுவது ஆபத்து, அது டிஸ்க்கை இன்னும் அலைக்கழிக்கும். டேட்டா ரிகவரி மட்டுமே செய்பவரிடம் போவதுதான் நல்லது.

பழைய ஃபோல்டரைத் திறந்து, அதில் டெஸ்க்டாப் மட்டும் காலியாக இருந்தால், ஒன்டிரைவைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லேப்டாப்பை இணைத்திருந்தால், பேக்கப் என்ற பெயரில் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கக்கூடும். அப்டேட் முடிந்ததும் வரும் நீலத் திரைகளில் படிக்காமல் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போகும்போது இதற்கும் நாம் சம்மதம் சொல்லிவிடுகிறோம். உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள்ளேயே ஒன்டிரைவ் என்று ஒன்று இருக்கும், அதற்குள் தேடுங்கள். பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்திலும் நுழைந்து பாருங்கள். அங்கே தவறி அழிந்தவை ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், அதனால் குடும்பப் படங்கள் முழுக்க அங்கே ஏறியிருக்கும் என்று நம்பி இங்கே எதையும் அழிக்க வேண்டாம்.

உங்களுக்கு வந்தது புதன்கிழமை என்பதால் அது மாதாந்திர அப்டேட்டாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுவது நமக்கு அன்று இரவு வந்து சேரும். ஒருவேளை வருடத்துக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டாக இருந்தால் இன்னொரு இடமும் உண்டு. சி டிரைவிலேயே "விண்டோஸ் டாட் ஓல்ட்" என்ற பெயரில் பழைய விண்டோஸ் முழுவதும் இருக்கும். அதற்குள்ளும் யூசர்ஸ் இருக்கும். ஆனால் 10 நாளுக்குப் பிறகு அது தானாக அழிந்துவிடும், "கோ பேக்" என்று பழையதற்குத் திரும்பும் வசதியும் அதோடு போய்விடும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டுபவர்கள் அதையும் டிக் செய்து அழித்துவிடுவதுண்டு. அதனால் இந்த வாரம் லேப்டாப்பில் எந்தச் சுத்தம் செய்யும் வேலையும் வேண்டாம்.

அப்டேட் உண்மையிலேயே கோப்புகளை அழித்ததும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வந்தது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்கள் சிலர். பழைய இடத்தில் இருப்பது தேவையில்லாத இரட்டை ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்த கோப்புகளோடு அப்டேட் அதை அழித்தது. பாதிக்கப்பட்டதாகப் புகார் வந்தது 10,000-இல் ஒருவர் என்ற அளவில்தான் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த ஒருவருக்கு அது முழு இழப்பு. சரி செய்யப்பட்ட பதிப்பு நவம்பர் 13-இல்தான் மறுபடி வந்தது. டி டிரைவுக்கு டாக்குமெண்ட்ஸை மாற்றி வைத்திருப்பவர்கள் பழைய இடத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

சி டிரைவிலும் இல்லை, ஒன்டிரைவிலும் இல்லை, உண்மையாகவே அழிந்துவிட்டது என்றால்தான் ரிகவரி சாஃப்ட்வேர் பேச்சு வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்புதான் போகும். உள்ளடக்கம் அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை இருக்கும். புதிய லேப்டாப்களில் வரும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. அழித்த இடங்கள் எவை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டி அவற்றைத் தானாகவே காலி செய்துவிடும். டிரிம் என்று இதற்குப் பெயர். அதற்குப் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எந்த வகையானாலும், லேப்டாப்பை உடனே அணைத்துவிடுவதுதான் முதல் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும்.

அண்ணன் மகனிடம் சொல்லுங்கள்: மீட்க வேண்டிய டிரைவிலேயே ரிகவரி சாஃப்ட்வேரை இறக்கி நிறுவினால், எதை மீட்க நினைக்கிறோமோ அதன் மேலேயே அது போய் உட்காரக்கூடும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துத்தான் செய்ய வேண்டும். மீட்டதைச் சேமிப்பதும் வேறு டிஸ்க்கில்தான். காசு கொடுக்கத் தேவையில்லை. ஃபோட்டோரெக் இலவசம், கோப்பின் பழைய பெயர் கிடைக்காது என்றாலும் உள்ளடக்கத்தை எடுத்துத் தரும். மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஃபைல் ரிகவரியும் இலவசமே, கட்டளைகளை டைப் செய்யத் தெரிந்தவர் கூட இருந்தால் போதும். கிராக் செய்த ரிகவரி சாஃப்ட்வேர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதனோடு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

டிஸ்க்கைக் கழற்றும் முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய லேப்டாப் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறிவிடுகிறது. வேறு கணினியில் செருகினால் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். சில நேரம் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப்பே நீலத் திரையில் அதைக் கேட்டு நிற்கும். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பின் பல கணினிகளில் அப்படி நடந்தது. கீ இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போன் பிரவுசரில் அந்தக் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பின் ரிகவரி கீயைப் பார்த்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப் நன்றாக இருப்பவர்களும் இதை இன்றைக்கே செய்துவிடலாம். பழைய மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் மறந்துபோய், கீ அங்கேயே மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அப்புறம் அந்த ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த கோப்பில் உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளிருப்பது அப்படியே தெரியும், அவ்வளவுதான். உங்கள் கோப்பு கெடவில்லை. விண்டோஸின் லதா என்ற யூனிகோட் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தாலும் சரியாகாது, எதையும் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். 2018-இல் விண்டோஸில் எழுத்துருவை ஒரு கணக்குக்கு மட்டும் நிறுவும் வழி வந்தது. டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் பெரும்பாலும் அப்படித்தான் நிறுவப்படும். அதனால்தான் உங்கள் கணக்கோடு பாமினியும் சேர்ந்து காணாமல் போயிருக்கிறது. பழைய கணக்கு திரும்பினால் அதுவும் வந்துவிடும். புதிய கணக்கில் வேலை செய்ய வேண்டி வந்தால், பழைய ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா (AppData) என்ற ஃபோல்டரில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று வரிசையாகப் போனால் உங்கள் எழுத்துருக்கள் கிடைக்கும். அவற்றை ரைட் கிளிக் செய்து "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுங்கள். தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கும் யூனிகோட் முறையில் இருந்த கோப்புகளில் லதா மட்டும் காணோம் என்பவர்கள் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் "தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்" சேர்த்தால் போதும். விண்டோஸ் 10 முதல் லதா அதற்குள் போய்விட்டது.

கோப்புகள் பத்திரமான பிறகு லேப்டாப்பைச் சரி செய்வது சுலபம். செட்டிங்ஸில் புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கி, அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுத்து, காப்பி எடுத்ததை அதில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கணக்கையே மீட்க, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல் லிஸ்ட் என்ற இடத்தைத் திருத்துவார்கள். தெரிந்த மெக்கானிக் செய்யட்டும், வீடியோ பார்த்து நீங்கள் இறங்க வேண்டாம். விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையையும் அவரையே ஓட்டச் சொல்லுங்கள். ஃபார்மட் அதற்குப் பிறகும் தேவை என்று அவர் சொன்னால் செய்துகொள்ளட்டும்.

அப்டேட்டை நிறுத்துவது பற்றிக் கேட்டீர்கள். நிறுத்தாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிக் காசு கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளிப்போடுவதில் தவறில்லை. விண்டோஸ் அப்டேட்டில் பாஸ் (Pause) என்று இருக்கும், ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். பொதுத்தேர்வு நேரத்தில், மதிப்பெண் ஏற்றுகிற வாரத்தில் பாஸ் கொடுத்துவிட்டு, விடுமுறை நாளில் சார்ஜரைச் செருகி, காப்பி எடுத்துவிட்டு அப்டேட் போடுங்கள். அந்தக் காப்பி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள். வைரஸ் வந்தாலும் மின்னழுத்தம் எகிறினாலும் செருகியிருப்பதும் சேர்ந்தே போகும்.

ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். சி டிரைவ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, யூசர்ஸில் என்னென்ன பெயர்கள் தெரிகின்றன, திரையில் வரும் ஆங்கில வாசகம் என்ன என்பதைப் போனில் படம் எடுத்து அனுப்பினால், அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.